இருபதுக்கு மேல் போகாத கதை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்து வந்ததல்ல. ஃபைலில் வந்தது.

2011 சனவரி, சாலைப் பாதுகாப்பு வாரம். எங்கள் அலுவலகம் (பெயர் வேண்டாம், சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது) ஒரு மலர் போட முடிவு செய்தது. போர்ட் பிளேரில் மலர் என்றால் ஒரு மொழியில் போட முடியாது. இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று ஐந்து மொழிக்காரர்களும் ஆளுக்கு ஒரு கதை தரவேண்டும். தமிழுக்கு என்னைப் பிடித்தார்கள். பொங்கல் விழாவில் நான் ஒருமுறை வரவேற்புரை வாசித்திருக்கிறேன். அந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை.

எங்கள் சூப்பிரண்டு சந்திரசேகர் திருச்சிக்காரர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் உட்காரச் சொன்னாலே எனக்குப் பயம்.

"ஜெகநாதன், ரெண்டு பக்கம் போதும். ஆனா கதையில ஒரு டெத் இருக்கணும்."

"கட்டாயமா சார்?"

"சாவு இல்லாம பப்ளிக்குக்கு உறைக்காதுய்யா. பெங்காலிக்காரர் ஒரே பையனைக் கொன்னுட்டாரு. தெலுங்குல புதுமாப்பிள்ளை. மலையாளத்துல குடும்பமே காலி. நம்ம கதையில மட்டும் எல்லாரும் நல்லா இருந்தா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதுதான். தமிழுக்கு ஒரு பிணம் தேடி நான் வெளியே வந்தேன்.

2

தொடங்கிய விதங்களை மறைக்காமல் இங்கே வைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "பச்சைப் பசேலென்ற தீவின் சாலைகளில் இளங்கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—" (வெட்கமாக இருந்தது. அன்றைக்கு வானம் மப்பு வேறு.)

தொடக்கம் இரண்டு: "விபத்து என்பது விதியா, மதியா? சற்றே சிந்திப்போமாயின்—" (இது மறுபடியும் வரவேற்புரை.)

தொடக்கம் மூன்று: "பெரியதம்பி ஹெல்மெட் போடமாட்டார்."

மூன்றாவதை அடிக்கவில்லை. அது உண்மை. உண்மையை அடிக்கக் கை வராது. பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். மெயின்லேண்டில் இருக்கும் எழுத்தாளர்களுக்கு அந்த வசதி உண்டு. இங்கே 'புரோத்ராபூரிலிருந்து தினமும் காலையில் பழுப்பு நிற ஸ்கூட்டரில் வெறுந்தலையோடு டவுனுக்கு வரும் தோட்டக்கார மாலி' என்று எழுதிவிட்டு, அவருக்கு ராஜராஜன் என்று பெயர் வைத்தாலும் பெரியதம்பியைத்தான் துக்கம் விசாரிப்பார்கள்.

3

கதை விளங்க வேண்டுமானால் கராச்சர்மா வளைவில் சட்டம் எப்படி நடக்கிறது என்று தெரியவேண்டும்.

புரோத்ராபூர், வண்டூர் பக்கமிருந்து வருகிறவர்கள் கராச்சர்மா வழியாகத்தான் டவுனுக்குப் போகவேண்டும். அங்கே காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ஹெல்மெட் சோதனை. சோதனைக்கு நானூறு மீட்டர் முன்னால், வளைவில், வேலாயி அக்காவின் டீக்கடை. கடைச் சுவரில் பதினோரு ஆணி. ஆணிக்கு ஒரு ஹெல்மெட். டீ குடிக்கிறவர் ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டு சோதனையைத் தாண்டுவார். அப்புறம் நானூறு மீட்டர் போனால் ஒரு பஞ்சர் கடை. அங்கே இறக்கிவைத்துவிட்டு வெறுந்தலையோடு டவுனுக்குள் போவார். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் கண்டக்டர் அழகர்சாமி பதினொன்றையும் கயிற்றில் கோத்து வேலாயி அக்காவிடம் திரும்பச் சேர்ப்பார். ஹெல்மெட்டுக்கு டிக்கெட் இல்லை.

ஆக, எங்கள் பக்கத்தில் தலைக்கவசச் சட்டத்தின் நீளம் எண்ணூறு மீட்டர்.*

* பதினோரு ஹெல்மெட்டும் பதினோரு விதம். ஒன்று சுனாமிக்குப் பிறகு வீடு கட்ட வந்த கம்பெனி விட்டுப்போன மஞ்சள் தொப்பி. ஏழாம் ஆணியில் தொங்குவது யாரோ ராட்சதத் தலையனுக்குச் செய்தது. எதற்கு இவ்வளவு விவரம் என்று கேட்காதீர்கள். ஏழாம் ஆணியை மறக்காதீர்கள்.

இந்த ஏற்பாடு போலீசுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். சோதனையில் நிற்கும் ஹெட் கான்ஸ்டபிள் ஐயாவு காலை ஏழு மணிக்கு வேலாயி அக்கா கடையில், அந்தப் பதினோரு ஹெல்மெட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் டீ குடிப்பார்.

"என்னக்கா, எல்லாம் வந்திருச்சா?"

"பத்துதான் இருக்கு. ஒண்ணு வண்டூர்க்காரன் வீட்டுக்கே கொண்டு போயிட்டான்."

"வீட்டுக்குக் கொண்டு போனானா? அப்ப ரோடு முழுக்கப் போட்டுக்கிட்டுப் போயிருப்பான். சட்டப்படி நல்லதுதான்."

4

இனி ஐயாவுவின் தோள்மேல் ஏறிக்கொள்கிறேன். இந்தக் கதையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர் அவர்தான்.

ஐயாவுவின் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஐயாவு இங்கேயே பிறந்து இந்தியிலேயே படித்து போலீசானவர். பதினான்கு வருடமாகச் சலான் எழுதுகிறார். சொந்த மச்சினனுக்கு எழுதியிருக்கிறார். எங்கள் சூப்பிரண்டுக்கே எழுதியிருக்கிறார். (இந்த வாக்கியம் மலரில் வராது என்று நினைக்கிறேன்.) நேர்மையான மனிதர், ஒரு நிமிடத்தைத் தவிர. அந்த ஒரு நிமிடம் தினமும் காலை எட்டு பத்துக்கு வரும்.

எட்டு பத்துக்குப் பெரியதம்பி ஸ்கூட்டரில் வருவார். வேலாயி கடையில் நிற்கமாட்டார். ஊரே எண்ணூறு மீட்டருக்காவது போட்டுக்கொள்ளும் தொப்பியை அவர் அதற்கும் போடமாட்டார். அந்த நேரம் பார்த்து ஐயாவுவின் ஷூ நாடா அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டுவார். ஸ்கூட்டர் தாண்டிப் போன சத்தம் கேட்டதும் நிமிர்வார்.

காரணம் எளிமையானது. ஐயாவுவின் மகன் சுரேந்திரனுக்கும் பெரியதம்பியின் மகள் புஷ்பாவுக்கும் தை மாதக் கடைசியில் கல்யாணம். பையனும் பெண்ணும் தாங்களே பார்த்து முடிவு செய்தது. பெரியவர்கள் இரண்டு பேரும் இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்து முடிக்கவில்லை. பெரியதம்பி கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பம். சுனாமியில் மனைவி சின்னம்மாவை இழந்து, மகளோடு புரோத்ராபூர் வந்து, அரசு நாற்றுப்பண்ணையில் மாலி வேலை பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். பேசாத சம்பந்தியை நடுரோட்டில் நிறுத்தி அபராதம் எழுதினால் கல்யாணம் என்ன ஆகும் என்று ஐயாவுவுக்குக் கவலை. எழுதாமல் விட்டு அவர் தலை எங்காவது மோதினால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய கவலை. இரண்டு கவலைக்கும் சேர்த்து அவரிடம் இருந்தது ஒரு ஜோடி ஷூ நாடா.

இதை ஊர் கவனிக்காமல் இருக்குமா? இரண்டே வாரத்தில் எட்டு பத்துக்குப் பெரியதம்பியின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஹெல்மெட் இல்லாத பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசைகட்ட ஆரம்பித்தன. ட்ரங்க் ரோட்டில் வடக்கே காட்டுக்குள் போகிற வண்டிகளைப் போலீஸ் பாதுகாப்போடு வரிசையாக விடுவார்களே, கான்வாய், அந்த மாதிரி. இதற்கு 'சம்பந்தி கான்வாய்' என்று பெயர். ஐயாவு நாடா கட்டி முடிக்கும் நேரம் வரவர நீண்டுகொண்டே போனது.

5

இப்போது என்னுடைய குற்றம்.

முதல் பிரதியை நான் இப்படி முடித்திருந்தேன்:

"சம்பந்தி என்ற பாசத்தால் ஐயாவு கண்ணை மூடிக்கொண்டார். மறுகணம் பெரியதம்பியின் கண்கள் நிரந்தரமாக மூடிக்கொண்டன. மாட்டப்படாத தலைக்கவசம் ஸ்கூட்டரின் கைப்பிடியில் ஊசலாடிக்கொண்டிருந்தது, 'என்னை ஏன் மறந்தாய்?' என்று கேட்பதுபோல்."

எழுதி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. என் எழுத்தை நினைத்துத்தான்.

மறுநாள் காலை அந்தப் பிரதியை ஆபீசில் கொடுக்கக் கிளம்பினேன். நான் குடியிருப்பது வளைவுக்குப் புரோத்ராபூர்ப் பக்கம். என்னிடமும் ஸ்கூட்டர் உண்டு. ஹெல்மெட்? (இங்கே ஒரு நல்ல பொய் சொல்ல அரைமணி நேரம் யோசித்தேன். வரவில்லை.) நானும் வேலாயி அக்கா கடை வாடிக்கைதான். அன்றைக்கு மிச்சமிருந்தது ஏழாம் ஆணி மட்டும். மாட்டினால் மூக்குவரை இறங்கியது. ரோடு தெரியவில்லை. கையில் கதை இருந்தது, கையெழுத்தில் நான்கு தாள். மடித்துத் தலைக்கும் தொப்பிக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். கச்சிதமாக நின்றது. ஐயாவு எனக்கு சல்யூட் வைத்தார். பஞ்சர் கடையில் ஹெல்மெட்டை இறக்கிவைத்துவிட்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

போனபிறகுதான் தலையில் கைவைத்தேன்.

ஹெல்மெட் போடச் சொல்லி எழுதிய கதையை இரவல் ஹெல்மெட்டுக்குள் விட்டுவிட்டு வந்த எழுத்தாளன் வேறெந்த மொழியிலும் இருக்கமாட்டான். அந்தப் பெருமை தமிழுக்கே இருக்கட்டும்.

6

ஐந்தரை பஸ்ஸில் கதை வேலாயி அக்கா கடைக்குப் போனது. வேலாயி அக்காவுக்குத் தமிழ் எழுத்து வராது. அழகர்சாமிக்கு வரும். அவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, படியில் நின்றபடி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். பஸ்ஸில் இருந்தவர்களும் கேட்டார்கள். பெரியதம்பி செத்த இடத்தில் ஒரு வங்காளி அம்மாள் தமிழ் தெரியாமலே அழுதாளாம்.

நான் வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் பெரியதம்பியின் ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் பெரியதம்பி. கையில் என் தாள்கள்.

"கிளார்க் சாரு, நான் செத்துட்டேனாமே."

"அது வந்து, கதைக்காகத்தான். பெயரை மாத்திருவேன்."

"பேரு இருக்கட்டுங்க. ஆனா நான் கைப்புடியில ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் போறதா எழுதியிருக்கீங்க. எங்கிட்ட ஹெல்மெட்டே கெடையாது. இல்லாதத எழுதலாமா?"

அவருக்குத் தன் சாவு பெரிதாகப் படவில்லை. சாமான் கணக்கு தப்பியதுதான் பட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். வேலாயி அக்கா எனக்கு டீ தரவில்லை.

"எங்க ஆளக் கொல்றதுக்கு உங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா சாரு? என் கடை வாசல்லதான் கெடத்தணுமா?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்குள் மூலையில் ஐயாவு உட்கார்ந்திருந்தார். டியூட்டி முடிந்து சாயங்கால டீ. அவரும் முழுக்கக் கேட்டிருந்தார். 'கண்ணை மூடிக்கொண்டார்' என்ற வரியையும். எழுந்து என்னைப் பார்க்காமல் வெளியே போனார். போகும்போது குனிந்து ஷூ நாடாவை ஒருமுறை பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

அந்த நிமிடம் எனக்கு இந்தக் கதைமேல் வெறுப்பு வந்தது. ஒரு நல்ல மனிதரைக் கொன்று, இன்னொரு நல்ல மனிதரைக் கொலைகாரராக்கி, அச்சில் இரண்டு பக்கத்துக்குள் அடக்கியிருந்தேன்.

7

மறுநாள் எட்டு பத்து. கான்வாய் வந்தது. ஐயாவு குனியவில்லை. கையை நீட்டினார்.

பெரியதம்பி, தனக்குப் பின்னால் வரும் யாரையோ நிறுத்துகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் அதற்குள் வண்டியைத் திருப்பி வேலாயி கடைக்குப் பறந்துவிட்டார்கள்.

"உங்களத்தான். ஓரமா நிறுத்துங்க சம்பந்தி."

நிறுத்தினார். ஐயாவு சலான் புத்தகத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். கல்யாணப் பத்திரிகை நேற்றுத்தான் அச்சாகி வந்திருந்தது.

"பேரு?"

"பத்திரிகையில போட்டிருக்கே சம்பந்தி."

"கேட்டுத்தான் எழுதணும்."

"பெரியதம்பி."

"அப்பா பேரு?"

"முத்துக்கருப்பன். அதுவும் பத்திரிகையில இருக்கு."

"விலாசம்?"

"போன ஞாயித்துக்கெழம வந்து வடை சாப்பிட்டுட்டுப் போனீங்களே, அந்த வீடுதான்."

வடை சாப்பிட்ட வீட்டின் எண் ஐயாவுவுக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதிக்கொண்டார். அதோடு முடிந்தது. கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் பதினான்கு வருடத்தில் முதல்முறையாக ஐயாவு சலானில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஏன் போடமாட்டேங்கறீங்க?"

[இந்த இடத்தில் முதலில் "பெரியதம்பியின் கண்களில் கடல் பொங்கியது" என்று எழுதினேன். பொங்கவில்லை. அவர் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சும் வடை கணக்கு சொன்ன அதே குரலில்தான் வந்தது.]

"உள்ள சத்தம் வருதுங்க சம்பந்தி. காடி ஓட்டுறப்ப அதுக்குள்ள ஓன்னு இழுக்குது. அன்னிக்கிக் காலையில கச்சால்ல முதல்ல வந்தது தண்ணி இல்ல, சத்தந்தான். நான் லயத்து வீட்டுக்குப் பின்னால நின்னேன். ஏரோப்ளேன் வருதாக்கும்னு மேல பாத்துக்கிட்டே நின்னுட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. அந்த நேரத்துல சின்னம்மாவ ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். அப்புறம் புஷ்பா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடுனேன்."

ஐயாவு பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"இதப் போட்டா அந்தச் சத்தம் பின்னாலயே வருது. திரும்பித் திரும்பிப் பாக்கச் சொல்லுது. பின்னால பாத்துக்கிட்டே ஓட்டுனா முன்னால எவன் மேலயாச்சும் மோதிருவேன். அதான் போடறதில்ல. அதுவும் சேஃப்டிக்குத்தாங்க."

பதினான்கு வருடம் கை நீட்டிய போலீசுக்கும், ஐந்து மொழியில் மலர் போட்ட எங்கள் ஆபீசுக்கும், கைப்பிடியில் இல்லாத ஹெல்மெட்டை ஊசலாடவிட்ட எனக்கும் இது தெரியாது. யாரும் கேட்டதில்லை. இதை எழுதும்போது எனக்கு உள்ளபடியே அவமானமாக இருக்கிறது.

8

சினிமாவாக இருந்தால் ஐயாவு சலானைக் கிழித்திருப்பார். கிழிக்கவில்லை. கார்பன் பிரதியைப் பிரித்து நீட்டினார். பெரியதம்பி தாம்பூலம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எழுதுனதுல எனக்கு வருத்தமில்ல சம்பந்தி. டியூட்டிதானே. கோயி பாத் நஹி, பரவாயில்ல."

"சாவியக் குடுங்க."

"வண்டியயும் புடிக்கிறீங்களா?"

"குடுங்க, சொல்றேன்."

இன்னொரு விஷயம். ஐயாவுவும் பதினான்கு வருடத்தில் ஹெல்மெட் போட்டதில்லை. அவர் டியூட்டிக்கு பஸ்ஸில் வருகிறவர், தலையில் போலீஸ் தொப்பி. ஊருக்கெல்லாம் போடச் சொன்ன பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெரியதம்பியோடு வேலாயி கடைக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குள் கான்வாய்க்காரர்கள் எல்லா ஹெல்மெட்டையும் எடுத்துப் போயிருந்தார்கள். ஏழாம் ஆணி மட்டும் மிச்சம். வேலாயி அக்கா பழைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை உள்ளே செருகிக் கொடுத்தார். சுனாமி நிவாரணத்தில் வந்தது. வேர்த்து ஒழுகும் தீவுக்கு யார் அனுப்பினார்களோ, இத்தனை வருடம் சுடுபாத்திரம் பிடிக்கத்தான் உதவியிருக்கிறது.

ஐயாவு புரோத்ராபூர் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். சோதனையில் ஆள் இல்லை. கராச்சர்மாவில் அன்று ஒரு மணி நேரம் சட்டமே இல்லை. வேலாயி, பெரியதம்பி, டீ குடிக்க வந்த நான் என்று மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி வந்தார். வண்டியைத் திருப்பி மறுபடியும் போனார். மூன்றாவது முறை நடந்து வருகிறவனே முந்திவிடும் அளவுக்கு மெதுவாக ஊர்ந்து வந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் கம்பளி நூல்.

"இருக்கு சம்பந்தி," என்றார். "சத்தம் இருக்கு. நாப்பதுல கத்துது. முப்பதுல முனகுது. இருபதுல ஒண்ணுமில்ல."

பெரியதம்பி அவரை நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சத்தம் உண்டு என்று இன்னொரு வாய் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருபதுல போனா நான் என்னிக்கி டவுன் போய்ச் சேர்றது?"

"பத்து நிமிஷம் முன்னால கெளம்புங்க."

"எல்லாரும் ஆரன் அடிப்பானுங்க."

"அடிக்கட்டும். ஆரன் அடிச்சவனுக்கு நான் சலான் எழுதறேன்."

9

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். (சந்திரசேகர் சார் கேட்ட இரண்டு பக்கம் எப்போதோ முடிந்துவிட்டது.)

பெரியதம்பி சொந்தமாக ஒரு ஹெல்மெட் வாங்கினார். தினமும் எட்டு மணிக்கே வளைவுக்கு வந்துவிடுகிறார், இருபது வேகத்தில், முதுகு நிமிர்ந்து, சுவாமி புறப்பாடு மாதிரி. பின்னால் மறுபடியும் கான்வாய். இந்த முறை யாரும் விரும்பிச் சேர்ந்ததல்ல. ரோடு குறுகல், முந்தினால் முன்னால் ஐயாவு நிற்கிறார். ஸ்கூட்டர்கள், ஒரு தண்ணி லாரி, இரண்டு ஜீப், அழகர்சாமியின் பஸ் எல்லாம் பெரியதம்பிக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு வருகின்றன. வண்டூர்க்காரர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பப் பழகிவிட்டார்கள்.

இதனால் விபத்து குறைந்ததா? என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. வேலாயி அக்காவிடம் இருக்கிறது. வளைவில் விழுந்து எழுகிறவர்களுக்காகக் கடையில் ஒரு டிங்சர் பாட்டில் வைத்திருப்பார். மூன்று வாரமாக அது இறங்கவே இல்லை என்று எனக்குத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு டீயும் கொடுத்தார்.

நான் கதையைத் திருத்தி எழுதினேன். மலர் அச்சுக்கு மெயின்லேண்ட் போகவேண்டும். கப்பல் இரண்டு முறை தள்ளிப்போனதால் எனக்கு நேரம் கிடைத்தது. சூப்பிரண்டு படித்தார். பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கமும் பார்த்தார்.

"டெத் எங்க?"

"சின்னம்மா இறந்திருக்காங்க சார்."

"அது சுனாமிய்யா. வேற செக்ஷன்."

நான் கதையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொஞ்சம் இறங்கிவந்தார்.

"சரி, டெத் வேணாம். ஒரு கிளைமாக்ஸாவது வை. இருபதுலயே போயி இருபதுலயே முடிஞ்சா எவன் படிப்பான்? இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள குடு. கப்பல் கெளம்புது."

10

இன்றைக்கு வியாழக்கிழமை. கல்யாணம் நாளைக்கு. இன்னும் நடக்காத கல்யாணத்தை நான் இன்று ஐந்து மணிக்குள் எழுதியாக வேண்டும்.

கதைக்கு ஓர் இடைஞ்சல் வேண்டும். ஆகவே பெரியதம்பியை ஒரு பொருளை மறக்கவைக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் பெரியதம்பி, இந்த முறை சாமான் கணக்கில் தப்பில்லை. அது சின்னம்மாவின் போட்டோ. கச்சாலில் வீட்டோடு எல்லாம் போயிற்று. உறவுக்காரர் வீட்டுக் குரூப் போட்டோ ஒன்றிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதன்முன் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் புஷ்பா மணையில் உட்காருவாள். அப்படித்தான் பேச்சு.

டவுனில் மண்டபம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எல்லாரும் ஜீப்பில் வந்துவிட்டார்கள், போட்டோ வரவில்லை. பெரியதம்பி யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறார். போட்டோவைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டர் முன்பக்கம் கட்டிக்கொண்டு திரும்பக் கிளம்பும்போது மணி பத்து பத்து. புரோத்ராபூரிலிருந்து மண்டபத்துக்கு இருபதில் அரைமணி நேரம். நாற்பதில் கால்மணி.

இதுவரை ஐயாவுவின் தோளில் இருந்தவன் இப்போது இறங்கிப் பெரியதம்பியின் பின்சீட்டில் ஏறிக்கொள்கிறேன். (ஹெல்மெட் போட்டிருக்கிறேன். நம்புங்கள்.)

முடிவு அ: ஹெல்மெட்டைக் கழற்றி என் மடியில் வைக்கிறார். நாற்பது. காதில் சத்தமில்லை. வளைவு வருகிறது. வேலாயி அக்கா கடையில் டிங்சர் பாட்டில்— [இல்லை. ஒருமுறை கொன்றது போதும்.]

முடிவு ஆ: ஹெல்மெட்டோடு நாற்பது. முப்பதில் முனகல். அப்புறம் அந்தச் சத்தம், பின்னாலிருந்து, அன்றைக்கு வந்த அதே சத்தம். அன்று அதைக் கேட்டு அண்ணாந்து நின்றவர் இன்று நிற்கவில்லை. இந்தமுறை சின்னம்மாவும் வண்டியில் இருக்கிறாள். முன்னால் மகள் காத்திருக்கிறாள். திரும்பிப் பார்ப்பாரா, மாட்டாரா? பார்த்தால் வளைவில் என்ன ஆகும்? எனக்குத் தெரியவில்லை. பின்சீட்டிலிருந்து அவர் முகம் தெரியவில்லை.

முடிவு இ: இருபது. பத்தரை தாண்டுகிறது. மண்டபத்தில் ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் அப்பா ஐயாவு, பட்டு வேட்டியில் எழுந்து நின்று, பழக்கதோஷத்தில் ஐயருக்கு முன்னால் கையை நீட்டுகிறார். "சாமி, மந்திரத்தக் கொஞ்சம் இழுங்க. எங்க சம்பந்தி சட்டப்படி வந்துக்கிட்டிருக்காரு." நல்ல முடிவு. ஆனால் முகூர்த்தம் தவறியதைச் சொந்தக்காரர்கள் இருபது வருடம் சொல்லிக்காட்டுவார்கள். புஷ்பாதான் கேட்கவேண்டியிருக்கும்.

மணி நாலே முக்கால். மூன்றில் எதை எழுதினாலும் நாளைக்கு அவர் ரோட்டில் போகும்போது என் வரி அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு போகும். போட்டோவை அவர் மறக்காமலே இருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆகவே முடிக்கப் போவதில்லை. ஒரு பிரதி கப்பலுக்குப் போகட்டும். சூப்பிரண்டு யாரை வேண்டுமானாலும் கொன்றுகொள்ளட்டும்.

கார்பன் பிரதியை மடித்து, போகும் வழியில் ஏழாம் ஆணி ஹெல்மெட்டுக்குள் செருகிவிடுகிறேன். நாளைக் காலை அதை எடுத்து மாட்டி, உள்ளே ஏதோ உறுத்துகிறதே என்று வெளியே எடுத்து, வளைவில் நின்றபடி இதுவரை படித்துவிட்டவர் நீங்கள். பெரியதம்பிக்கு முன்னால் போகிறீர்களோ பின்னால் போகிறீர்களோ, முடிவு இனி உங்கள் கையில்.

தாளை எடுத்துவிட்டதால் ஹெல்மெட் தொளதொளவென்று ஆடும். வாரை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் கழற்ற வேண்டாம்.